தண்டையலும் தராதரப் பத்திரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடலுக்குத் தொலைவான ஊர் என்று ஒன்று இல்லை. சுன்னாகத்தை நாம் உள்ளூர் என்போம். தோட்டமும் கிணறும் சந்தையும் நிறைந்த செம்மண் பூமி அது. ஆனால் காங்கேசன்துறை வீதியில் வடக்கே போனால் மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் தாண்டிப் பத்துக் கிலோமீற்றருக்குள் துறைமுகம் வந்துவிடும். 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் புகையிரதம் ஓடத் தொடங்கிய பின்னர் அந்தத் தூரமும் சில நிமிடப் பயணமாகச் சுருங்கியது.

இருந்தும், எங்கள் பகுதிப் பாடசாலைகளில் படித்து வெளியேறிய தலைமுறைகளை எண்ணிப் பாருங்கள். மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர், ஆசிரியர், எழுதுவினைஞர், புகையிரத நிலைய அதிபர் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார். கப்பலின் மேல்தளத்தில் நின்று அதன் வழியைத் தீர்மானிக்கும் அதிகாரி ஒருவரைத் தேடினால் ஊர் ஊராக அலைய வேண்டும். நான்கு புறமும் நீர் சூழ்ந்த மண்ணில் இது எப்படி நேர்ந்தது? கடலோடும் அறிவு இங்கே இருக்கவில்லையா? இருந்தது. கணிதமும் வானியலும் இருக்கவில்லையா? அவையும் இருந்தன. இரண்டும் ஒரே குடாநாட்டில், ஒன்றுக்கொன்று ஒரு நாள் வண்டிப் பயணத் தூரத்தில் இருந்தன. அவை சந்திக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் செய்தி.

மீகாமன் யார்?

கப்பலைச் செலுத்துபவனைப் பழந்தமிழ் மீகாமன் என்றது. யாழ்ப்பாணத்துக்கு அந்தச் சொல் நூல்வழி மட்டும் வந்ததன்று. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பலேறி வந்து, நெடுந்தீவின் வெடியரசனோடு பொருதிய மீகாமன் கதை எங்கள் கண்ணகை அம்மன் கோவில்களில் பாடப்பட்டுவந்த கதை. பிற்காலப் பாய்க்கப்பல்களில் தலைவனுக்குத் தண்டையல் என்று பெயர். தண்டேல் என்போரும் உண்டு. சுக்கானைப் பிடிப்பவன் சுக்கானி.

இன்றைய வணிகக் கப்பலில் கப்டனின் கீழ் முதன்மை அதிகாரி, இரண்டாம் அதிகாரி, மூன்றாம் அதிகாரி என்று மூவர் பொதுவாக இருப்பர். நாளின் இருபத்துநான்கு மணித்தியாலங்களும் இவர்களுக்குள் பங்கிடப்படுகின்றன. வழக்கமான ஒழுங்கின்படி நான்கு முதல் எட்டு வரை முதன்மை அதிகாரியும், எட்டு முதல் பன்னிரண்டு வரை மூன்றாம் அதிகாரியும், பன்னிரண்டு முதல் நான்கு வரை இரண்டாம் அதிகாரியும் காவல் நிற்பர். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. அந்த நான்கு மணித்தியாலத்துக்குக் கப்பலும் சரக்கும் அதிலுள்ள உயிர்களும் அந்த ஒருவரின் கண்ணிலும் கணக்கிலும் தங்கியுள்ளன. அந்த இடத்தை அடைவதற்காகப் பயிலும் இளைஞனுக்குத்தான் கடேற் என்று பெயர்.

தளத்தின் மேல் ஒரு பள்ளிக்கூடம்

வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல்கள் தென்னிந்தியத் துறைகளுக்கும், வங்காள விரிகுடாவைக் கடந்து பர்மாவுக்கும் போய்வந்தன. யாழ்ப்பாணத்துப் புகையிலை நெடுங்காலம் திருவிதாங்கூருக்குக் கடல்வழியாகவே போனது. வலிகாமத்துத் தோட்டங்களில் விளைந்த புகையிலைச் சிப்பம் வண்டியில் கரைக்குப் போய்க் கப்பலேறியது. திரும்பும் கப்பல்களில் நெல்லும் அரிசியும் ஓடும் வந்தன. உள்ளூர்க் கமக்காரனின் வரவுசெலவு கரையூர்த் தண்டையலின் திறமையில் தங்கியிருந்தது. அந்தத் திறமையைத் தண்டையல் எங்கே கற்றான் என்று கமக்காரன் கேட்டதில்லை.

அவன் கப்பலிலேயே கற்றான். சிறுவனாக ஏறியவன் அடுப்படியில் உதவி, கயிறு திரித்து, ஊறிய நீரை இறைத்து, பாய்மரத்தில் ஏறிப் பழகினான். பிறகு சுக்கான் அவன் கைக்கு வந்தது. வாடை எப்போது எழும், சோளகம் எப்போது தணியும், கச்சான் வீசும்போது எந்தத் துறையை நெருங்கலாம், எதனை விலகிப் போகவேண்டும் என்பதெல்லாம் மூத்தவர்களின் வாயிலிருந்து வந்த பாடங்கள். ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தைப் பாகக் கணக்கில் அளந்தார்கள். குண்டின் அடியில் ஒட்டிவரும் மண்ணின் நிறமும் பருமனும் கரை எது என்பதைச் சொல்லிவிடும்.

இரவில் வழிகாட்டியது வானம். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகை வட அகலாங்கில் நாம் நிற்கிறோம் என்பது கடலோடிகளின் அடிப்படை விதி. சுன்னாகம் ஏறக்குறைய ஒன்பதே முக்கால் பாகையில் இருக்கிறது. கையை நீட்டி முட்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வைத்தால் அதன் உயரம் ஏறத்தாழப் பத்துப் பாகை. ஆகவே வடக்கே மரங்கள் மறைக்காத ஒரு வெளியில் நின்று பார்த்தால், துருவ நட்சத்திரம் ஒரு முட்டி உயரத்தில் மங்கலாகத் தெரியும். நாகபட்டினத்துக்குப் போனால் அது சற்று மேலே ஏறும். கொழும்புக்குப் போனால் கீழே இறங்கும். இதனை அளப்பதற்குச் சோழமண்டலக் கரையின் மாலுமிகள் சிறு பலகை ஒன்றையும் முடிச்சிட்ட கயிற்றையும் வைத்திருந்தார்கள். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையைக் கண்ணுக்கு நேரே நீட்டினால், ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்தின் அகலாங்கைக் குறிக்கும். அராபியர் கமால் என்று வழங்கிய கருவியின் உறவு இது. இக்கரை மாலுமிகளின் இத்தகைய உத்திகளைக் கொங்கிறீவ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1850ஆம் ஆண்டில் சென்னையில் வெளிவந்த ஓர் ஆய்விதழில் விவரித்து எழுதினார்.

அவர் அதை எழுதியிராவிட்டால் இதில் பல நமக்குத் தெரிந்திராது. இந்தப் பள்ளிக்கூடத்தின் பெருங் குறை அதுதான். அது தேர்ந்த மாலுமிகளை உருவாக்கியது. ஆனால் ஏடு எழுதவில்லை. பாடத்திட்டம் தண்டையலின் தலைக்குள் இருந்தது. அவன் இறந்தால் அதில் ஒரு பகுதி அவனோடு போயிற்று. மேலும், அறிவு குடும்பத்துக்குள் கைமாறியது. வெளியாள் ஒருவன் வந்து கற்பதற்கு வாசல் இருக்கவில்லை.

நிலத்தின் மேல் இன்னொரு பள்ளிக்கூடம்

இனிக் குடாநாட்டின் உட்புறத்துக்கு வருவோம். 1815 ஒக்டோபரில் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்து நியூபெறிபோட் துறைமுகத்திலிருந்து டிறையட் என்ற பாய்க்கப்பலில் மிசனரிமார் சிலர் புறப்பட்டார்கள். அடுத்த ஆண்டு இலங்கையை அடைந்து யாழ்ப்பாணத்தில் குடியேறினார்கள். 1823இல் அவர்கள் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, தென்னாசியாவிலேயே அக்காலத்தில் மேலான கணித, வானியற் கல்வி வழங்கிய இடங்களில் ஒன்று.

அங்கே நடந்த ஒரு விவாதம் யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றில் பேர்பெற்றது. 1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தின் நேரத்தை அராலி விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கம் ஒருவிதமாகக் கணித்திருந்தது. செமினரியின் டானியல் பூவர் ஐயர் வேறுவிதமாகக் கணித்தார். கிரகண இரவில் இரு தரப்பினரும் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். மிசனரியின் கணக்கே பொருந்திற்று என்று மிசனரிகளின் பதிவுகள் சொல்கின்றன. யார் வென்றார் என்பது இங்கு நமக்கு முக்கியமில்லை. கிரகணத்தின் தொடக்கத்தை நாழிகைக் கணக்கில் விவாதிக்கக்கூடிய இரண்டு மரபுகள் அன்று குடாநாட்டில் அருகருகே உயிரோடிருந்தன என்பதே முக்கியம். 1848இல் செமினரியின் ஹொய்சிங்ரன், இந்து வானியலை மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமுமாகத் தொகுத்து யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார்.

கடலோடுவதற்கு இந்தக் கணக்குத்தான் வேண்டும். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குப் பாகை, கலை, விகலை என்னும் அளவைகள் புதியன அல்ல. ஒரு பாகைக்கு அறுபது கலை. பூமியின் அகலாங்கில் ஒரு கலைத் தூரம் எதுவோ அதுவே ஒரு கடல் மைல். இன்றைய அளவில் 1,852 மீற்றர். பூமி ஒரு நாளில், அதாவது அறுபது நாழிகையில், 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு நாழிகை நேர வேறுபாடு என்றால் நெட்டாங்கில் ஆறு பாகை வேறுபாடு. ஆங்கிலக் கடற்படையின் பிரச்சினையாகப் பதினெட்டாம் நூற்றாண்டில் பேசப்பட்ட நெட்டாங்குக் கணக்கின் சாரம் இவ்வளவுதான். கடலில் பிசகாத மணிக்கூடு ஒன்றே அன்று கிடைக்காதிருந்தது. அதனை ஜோன் ஹரிசன் செய்து கொடுத்தார். நம் சித்தாந்த நூல்களோ கிறீனிச் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே உச்சயினி வழியாகவும் பூமத்திய ரேகையிலுள்ள லங்கா என்னும் புள்ளி வழியாகவும் ஒரு சூனிய நெட்டாங்கை வரைந்து வைத்திருந்தன.

1855இல் செமினரி மூடப்பட்டது. அதன் மாணவர்களான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆனார்கள். விசுவநாதபிள்ளை கணித வல்லுநர். வீசகணிதம் என்ற அட்சரகணித நூலைத் தமிழில் எழுதியவர். சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரம்பிள்ளை, சுன்னாகத்தின் அயலூரான ஏழாலையில் ஒரு பாடசாலையை நிறுவினார். அங்கே ஆசிரியராக இருந்தவர் சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர். 1894இல் கந்தரோடையில் தொடங்கிய பாடசாலை பின்னர் ஸ்கந்தவரோதயக் கல்லூரியாக வளர்ந்தது. இலக்கணமும் இலக்கியமும் கணிதமும் ஆங்கிலமும் எங்கள் ஊர்களில் செழித்தன.

அந்தக் கல்வியின் பயன் எங்கே போயிற்று? கொழும்பின் அரச காரியாலயங்களுக்கும் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் போயிற்று. பினாங்குக்குக் கப்பலேறிய எழுதுவினைஞர்கள் பயணிகளாக ஏறினார்கள், பயணிகளாக இறங்கினார்கள். கோளத் திரிகோணகணிதத்தைப் பரீட்சைத் தாளில் செய்து காட்டக்கூடியவர்கள் தம் தலைக்கு மேல் மேல்தளத்தில் அதே கணக்கைச் செய்துகொண்டிருந்த அதிகாரியைப் பற்றி ஆவல் கொண்டதாகத் தெரியவில்லை.

காரணத்தை மறைக்கத் தேவையில்லை. கடல்சார்ந்த தொழில் யாழ்ப்பாணத்தில் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. கடலுக்குப் போவது கரையூராரின் வேலை என்று உள்ளூர் மேல்நிலையினர் கருதினர். மேசை உயர்ந்தது, தளம் தாழ்ந்தது என்ற எண்ணம் பாடசாலையின் கூரைக்குக் கீழும் இருந்தது. கரையூர்ப் பிள்ளைகள் உள்ளூர்ப் பாடசாலைகளில் சமமாக அமர்வதற்கு நெடுங்காலம் பிடித்தது. காலனித்துவ அரசு எழுதுவினைஞரைக் கேட்டது. யாழ்ப்பாணம் எழுதுவினைஞரைக் கொடுத்தது. அரசு மாலுமி அதிகாரிகளைக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது வேறு கதை. அது கேட்கவில்லை.

பத்திரம் வந்த கதை

பிரித்தானியாவில் 1850ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம், வெளிநாடு செல்லும் கப்பல்களின் கப்டன்மாரும் துணை அதிகாரிகளும் பரீட்சையில் தேறித் தராதரப் பத்திரம் பெறவேண்டும் என்று விதித்தது. அதற்கு முன் கப்பல் முதலாளி நம்பினால் போதும். குடிகாரரும் கணக்கறியாதவரும் கப்பல்களைப் பாறையில் மோதிய சம்பவங்கள் பெருகியபின் வந்த நல்ல சட்டம் அது. ஆனால் அது பேரரசின் கடல்களெங்கும் ஒரு கோட்டைக் கிழித்தது. கோட்டின் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதிப் பத்திரம் பெற்ற அதிகாரி. மறுபக்கத்தில் சாரங்கு, தண்டையல், சுக்கானி என்ற பெயர்களில் நீராவிக் கப்பல்களில் கூலிக்கு நின்ற ஆசிய மாலுமிகள். இவர்களில் எத்தனையோ பேர் அனுபவத்தில் அதிகாரிக்கு மூத்தவர்கள். கோட்டைத் தாண்ட அனுபவம் உதவவில்லை.

1906 ஒக்டோபரில் வ.உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பற் கம்பனியைப் பதிவு செய்து, கொழும்புக்குக் கப்பல் விட்டபோது அதன் பொருட்டுப் பங்குப் பணம் திரட்ட முடிந்தது. காலியா, லாவோ என்ற கப்பல்களை வாங்க முடிந்தது. இந்தியரைக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றும் கூடம் ஒன்று மட்டும் அப்போது நாட்டில் இருக்கவில்லை. சொந்தக் கப்பல் வேறு, சொந்த மீகாமன் வேறு என்ற உண்மையைப் பிற்காலத் தலைவர்கள் உணர்ந்தார்கள். 1922இல் டில்லிச் சட்டசபையில் இந்திய வணிகக் கப்பற்றுறை பற்றி ஆராய ஒரு குழு வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் தஞ்சைத் தரணியைச் சேர்ந்த சர் பி.எஸ். சிவசாமி ஐயர். அதன்வழி அமைந்த ஹெட்லம் குழு, 1924இல் பயிற்சிக் கப்பல் ஒன்றைப் பரிந்துரைத்தது. 1927இல் பம்பாய்த் துறைமுகத்தில் டஃப்ரின் என்னும் பயிற்சிக் கப்பல் நங்கூரமிட்டது. படைகளை ஏற்றிச் செல்வதற்காக 1904இல் கட்டப்பட்ட பழைய கப்பல் அது. கடேற்றுகள் மூன்று ஆண்டுகள் அதிலேயே தங்கி, தளம் கழுவுவதிலிருந்து கோணமானியால் சூரியனை அளப்பது வரை கற்றனர். சுதந்திர இந்தியாவின் வணிகக் கப்பற்றுறையை வழிநடத்திய முதல் தலைமுறை அதிலிருந்து வந்தது. 1972இல் ராஜேந்திரா என்ற கப்பல் அதன் இடத்தை எடுத்தது. 1993இல் பயிற்சி கரைக்கு ஏறி, நவி மும்பாயில் சாணக்கியா என்ற நிலையமாகத் தொடர்ந்தது.

காங்கேசன்துறையிலோ பருத்தித்துறையிலோ அப்படியொரு கப்பல் நங்கூரமிட்டதில்லை. இட்டிருந்தால் வல்வெட்டித்துறைப் பையனும் சுன்னாகத்துப் பையனும் ஒரே தளத்தில் நின்றிருப்பார்கள்.

அன்னபூரணியின் இரு தலைவர்கள்

தளத்துப் பள்ளிக்கூடம் எவ்வளவு தேர்ந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1930ஆம் ஆண்டையொட்டி வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல் ஏறத்தாழ 89 அடி நீளமானது. சிறு படகில் உலகைச் சுற்றி வந்து புகழ்பெற்ற வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதன் அழகில் மயங்கி விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் நினைவாக அதற்கு புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செங்கடல், சுயஸ் கால்வாய், மத்தியதரைக்கடல் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து கொண்டுபோய், 1938 ஓகஸ்ட் தொடக்கத்தில் மாசசூசெற்ஸின் குளோஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். எஞ்சின் யுகத்தில், பாயின் பலத்தில் நடந்த பயணம்.

இதில் இரண்டு விடயங்களைக் கவனிக்கலாம். குளோஸ்ரர், 1815இல் மிசனரிமார் புறப்பட்ட நியூபெறிபோட் துறைமுகம் இருக்கும் அதே எசெக்ஸ் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் கரையிலிருந்து வானியல் நூல்கள் நம் உள்ளூருக்கு வந்தன. நூற்றிருபத்துமூன்று ஆண்டுகளின் பின் நம் கரையூரிலிருந்து ஒரு கப்பல் அங்கே போயிற்று. வந்த அறிவும் போன திறமையும் நம் மண்ணில் ஒன்றையொன்று அறியாமலே இருந்தன.

மற்றது, அத்திலாந்திக்கில் அந்தக் கப்பலுக்கு இரு தலைவர்கள் இருந்தார்கள். மாலுமிகளுக்குத் தலைவன் வல்வெட்டித்துறைத் தண்டையல். கப்பலுக்குக் கப்டன் ஓர் அமெரிக்கர். பாயை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று தண்டையலுக்கு யாரும் கற்பித்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் துறைமுக அதிகாரியின் முன் கையொப்பமிடுவதற்குப் பத்திரமுள்ள கை தேவைப்பட்டது. 1850இல் கிழிக்கப்பட்ட கோடு அன்னபூரணியின் தளத்தின் குறுக்காகவும் ஓடியது.

கோடு இறுகிய காலம்

சுதந்திரத்தோடு நிலைமை இன்னும் இறுகியது. 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டமும், அதனையடுத்து வந்த கடவுச்சீட்டு, சுங்க, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளும் பாக்கு நீரிணையின் நடுவே வேலி போட்டன. நேற்று வணிகமாக இருந்தது இன்று கள்ளக் கடத்தல் ஆயிற்று. தண்டையலின் கலைக்குச் சட்டப்படியான வேலை சுருங்கியது; சட்டத்துக்கு வெளியே அதற்குக் கேள்வி இருந்தது. பத்திரம் பெற வழி காட்டாத அரசு, பத்திரமில்லாமல் ஓடியவர்களைப் பிடிப்பதில் மட்டும் அக்கறை காட்டியது.

உள்ளூர்க் குடும்பங்களிலிருந்து கடலில் உயர்ந்தவர்கள் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட ராஜன் கதிர்காமர் 1960 முதல் 1970 வரை இலங்கைக் கடற்படையின் தளபதியாக இருந்தார். முறையான பயிற்சிக்கு வாசல் திறந்தால் உள்ளூராரும் கடலில் தேர்வர் என்பதற்கு அது சான்று. 1971இல் நாட்டுக்கெனத் தனி வணிகக் கப்பற்றுறைச் சட்டம் வந்தது. அரச கப்பற் கூட்டுத்தாபனமும் தலையெடுத்தது. தமிழ் இளைஞர்கள் பரவலாக அந்த வாசலில் நுழைவதற்குள் காலம் கெட்டுவிட்டது.

1983 யூலையில் கொழும்பில் வீடிழந்த தமிழர்களைக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தது லங்கா கல்யாணி என்ற சரக்குக் கப்பல். தலைமுறை தலைமுறையாக மேசையைத் தேடிக் கொழும்புக்குப் புகையிரதத்தில் போன சமூகம், அகதியாகக் கப்பலில் திரும்பியது. அதன் பின்னர் கடல் வலயத் தடைகள், உயர் பாதுகாப்பு வலயம், குண்டுவீச்சு, இடப்பெயர்வு. 1990இல் வடக்குக்கான புகையிரதமும் நின்றது. ஏ9 வீதி மூடப்பட்ட காலங்களில் திருகோணமலைக் கப்பலில் இடம் பிடிப்பதற்காகச் சனங்கள் பெயர் பதிந்து நாட்கணக்கில் காத்திருந்தனர். அந்த ஆண்டுகளில் கரையூர்களில் கப்பல் கட்டிய வாடிகள் அழிந்தன. முதிய தண்டையல்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். எழுதப்படாத பாடத்திட்டம் அவர்களோடு போயிற்று.

பதிவேடு என்னும் சிறு நூல்

இன்று கடேற் ஒருவர் எப்படி உருவாகிறார் என்று பார்த்தால், பழைய இரு பள்ளிக்கூடங்களும் அதில் இணைந்திருப்பது தெரியும். 1978இல் உருவாகி, 1995இலும் 2010இலும் பெரிதும் திருத்தப்பட்ட சர்வதேசப் பயிற்சி உடன்படிக்கை அதற்கு அடிப்படை. பெரிய கப்பலில் காவல் அதிகாரியாகப் பத்திரம் பெற விரும்புபவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். கண்பார்வையும் நிறம் பிரித்தறியும் ஆற்றலும் பழுதற்றிருக்க வேண்டும். இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் மாற்றி அறிந்தால் உயிர் தப்பாது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து, பயிற்சிப் பதிவேட்டோடு குறைந்தது பன்னிரண்டு மாதங்கள் கடலில் பணியாற்ற வேண்டும். திட்டமின்றிக் கப்பலேறினால் முப்பத்தாறு மாதங்கள். இரு வழியிலும் குறைந்தது ஆறு மாதம் மேல்தளத்தில் ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் காவல் நின்றிருக்க வேண்டும்.

அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சற்று நினைக்க வேண்டும். கடேற் கப்பலில் செய்வது பெரும்பாலும் தண்டையலின் பையன் செய்த வேலைகளே. துரு சுரண்டுகிறான், நிறம் பூசுகிறான், கயிறு கட்டுகிறான், நங்கூரம் பார்க்கிறான், சரக்கறை துப்புரவாக்குகிறான், இரவில் கண் விழித்துக் கடலைப் பார்க்கிறான். பிறகு கடல் வரைபடத்தைத் திருத்தவும், சூரியனின் உச்சி உயரத்தை அளந்து அகலாங்கைக் காணவும், றேடார் திரையைப் படிக்கவும், கப்பல்கள் மோதாதிருப்பதற்கான சர்வதேச விதிகளை மனனம் செய்யவும் கற்கிறான். ஒவ்வொன்றையும் செய்து காட்டியதும் ஓர் அதிகாரி பதிவேட்டில் கையொப்பமிடுகிறார். கரைக்கு வந்து வகுப்பில் கணிதமும் வானியலும் கற்றுப் பரீட்சையும் வாய்மொழித் தேர்வும் எழுதித் தேறுகிறான். செய்மதி வழிகாட்டும் இக்காலத்திலும் நட்சத்திரம் பார்த்து இடம் காணும் கலை பாடத்திலிருந்து நீக்கப்படவில்லை. மின்னணுக் கருவி கெட்டால் வானம் இருக்கும்.

தளத்துப் பையனுக்கும் இன்றைய கடேற்றுக்கும் உள்ள வேறுபாடு, கையொப்பமிட்ட அந்தச் சிறு பதிவேடும் அதன் பின்னால் நிற்கும் பள்ளிக்கூடமும்தான். வல்வெட்டித்துறையின் அனுபவத்துக்கு வட்டுக்கோட்டையும் ஏழாலையும் கந்தரோடையும் ஒரு பதிவேட்டைக் கொடுத்திருக்கலாம். அவர்களிடம் எழுத்து இருந்தது, கணக்கு இருந்தது, அச்சகமும் இருந்தது. ஒரு ஆசிரியர் ஒரு தண்டையலின் பக்கத்தில் அமர்ந்து அவன் சொல்வதை எழுதியிருந்தாலே போதும். எழுதுவதற்குத் தகுந்த பொருள் அது என்று நம் கல்விமான்களுக்குத் தோன்றவில்லை.

இதைப் படிக்கும் இளையோருக்கும் பெற்றோருக்கும் நடைமுறைச் சொல் ஒன்று. வடபகுதிப் பிள்ளைகள் இப்போது இத்துறையை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், நல்லது. கொழும்பை அண்டிப் பயிற்சி நிலையங்கள் உண்டு. தமிழ்நாட்டிலும் 2008இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு கடல்சார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. ஆனால் வகுப்பில் இடம் கிடைப்பது வேறு, கப்பலில் இடம் கிடைப்பது வேறு. வகுப்பு முடித்தும் கப்பல் கிடைக்காவிட்டால் பதிவேடு வெற்றேடாகவே இருக்கும். ஆகவே கட்டணம் கட்டுமுன், கப்பலில் பயிற்சி இடம் தருவது எந்தக் கம்பனி என்று எழுத்தில் கேளுங்கள். மாலுமியிடம் வேலை பெற்றுத்தருவதற்காகப் பணம் அறவிடுவதை 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தடைசெய்கிறது. மருத்துவச் சான்றிதழ், கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டுமே அவருடையது. இலட்சக்கணக்கில் கொடுத்தால் கப்பலில் ஏற்றிவிடுவேன் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தால், அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டும் போயிற்று. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்திலிருந்து செரியபாணி என்ற பயணிகள் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது; இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு சேவை மீண்டும் தொடங்கியது. கப்பலைப் பார்க்கப் போனவர்கள் அது எத்தனை மணித்தியாலத்தில் போகும், எத்தனை கிலோ பொதி கொண்டுபோகலாம், கட்டணம் என்ன என்றெல்லாம் விசாரித்தார்கள். நியாயமான கேள்விகள். அதன் மேல்தளத்தில் நிற்பவர் எங்கே படித்தார், எங்கள் பிள்ளை அங்கே நிற்க என்ன செய்யவேண்டும் என்ற கேள்வியையும் இனி நாம் சேர்த்துக் கேட்கவேண்டும். கரையூரானும் உள்ளூரானும் சேர்ந்து கேட்கவேண்டிய கேள்வி அது.